புகை போன பக்கம்

நம்பினால் நம்புங்கள், இது நேற்று எனக்கு நடந்தது. ராத்திரிகூட இல்லை. பட்டப்பகல்.

நான் லிஃப்ட் மெக்கானிக். கண்ணால் பார்க்காத எதையும் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. அக்கா என்னைக் கல்லுளிமங்கன் என்றுதான் கூப்பிடுவாள். அவள் மூச்சுத் திணறிச் செத்துப் போய் இரண்டு வாரம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. மனசு மரத்துக் கிடக்கிறது. அவள் வீட்டிலேயே தங்கி, அவள் மகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆறு வயது. அம்மாவுக்கு இருந்த அதே இழுப்பு இவளுக்கும்.

நேற்று மாலை நாலு பத்துக்கு இழுப்பு வந்தது. நெபுலைசரை எடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே மெஷின், மாஸ்க் மட்டும் தனித்தனி. குழந்தையின் சின்ன மாஸ்க்கை, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டு நான்தான் கோணலாக்கி வைத்திருந்தேன். அக்காவுடையது கழுவிக் காய்ந்து துணிமேல் கிடந்தது. கழுவிக் கழுவிப் பயன்படுத்துகிற சாமான்தானே என்று அதையே மாட்டிவிட்டேன்.

மருந்தை ஊற்றி ஸ்விட்சைப் போட்டேன். டர்ர்ர்ர்... புகை வந்தது. மாஸ்க் பெரிசு, அதனால் ஓரத்தில் கசிந்தது. கசிந்த புகை மேலே போகவில்லை. நேராக சோபாவின் மறுமூலைக்குப் போனது. அங்கே யாரும் இல்லை.

ஃபேனைப் பார்த்தேன். ஓடவில்லை. ஜன்னலும் சாத்தித்தான் இருந்தது.

மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடித்தேன். அப்படியும் உருவிக்கொண்டு போனது. ஒரே சீராக இல்லை. போனது... நின்றது... மறுபடி போனது...

குழந்தைக்கு மூச்சு வேகவேகமாக ஓடியது. அதற்கு நடுவில் இன்னொரு மூச்சும் கேட்டது. மெதுவாக. நீளமாக. முடிவில் ஒரு விசில்... ஈஈஈ...

எனக்குப் பழக்கமான விசில்.

குழந்தையின் உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. கப்பில் பாதி மருந்து போய்விட்டது.

"அக்கா, போதும்க்கா. அது பாப்பாவுக்கு."

விசில் நின்றது.

புகை அப்படியே அந்தரத்தில் நின்றது...

பிறகு திரும்பி வந்தது.

பத்து நிமிடத்தில் மூச்சு சீராகிக் குழந்தை தூங்கிவிட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பயப்பட வேண்டிய விஷயம் என்று புத்திக்குத் தெரிந்தது. பயம் மட்டும் வரவில்லை.

இன்று காலை மாடி வீட்டு நர்ஸ் வந்தார். நான் எதையும் சொல்லவில்லை. மருந்து கைவசம் இருக்கிறதா என்று கேட்டவர், அவராகவே ஆரம்பித்தார்.

"அன்னைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல இழுப்பு, தம்பி. வீட்ல ஒருத்தருக்குத்தான் மருந்து மிச்சம்னு உங்க அக்கா போன் பண்ணாங்க. நான் டூட்டியில இருந்தேன். ஓடி வர்றதுக்குள்ள, அதைப் பாப்பாவுக்கு வச்சுட்டு அவங்க போயிட்டாங்க."

அவர் போனதும் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"அன்னைக்கு மருந்து வச்சப்போ அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"அன்னைக்கு ஒண்ணும் சொல்லல மாமா. நேத்துதான் சொன்னாங்க."

"என்னன்னு?"

"இந்த ஒரு தடவைதான் விட்டுத் தருவேன், இனிமே மாட்டேன்னு."

சொல்லும்போதே அவளுக்கு இருமல் வந்துவிட்டது.