கோடு போட்ட இரண்டு நாட்கள்

இன்னும் முப்பது வருடம் கழித்துத் தாமிரபரணியில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கணக்கிடுவதுதான் அப்போது என் வேலை. அலுவலகம் தூத்துக்குடியில். மழை, மண், அணைகள் பற்றிய விவரங்களைக் கம்ப்யூட்டரில் கொடுத்து ஒரு மாடல் செய்திருந்தேன். முதலில் பழைய மழையைக் கொடுத்து, அன்று ஓடிய நீரை அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். பழசைச் சரியாகச் சொன்னால்தான் வரப்போவதைக் கேட்கலாம்.

ஆற்றோடு ஏறக்குறைய ஒத்துப்போன மாடல், ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே அதில் சேரும் ஒரு காட்டோடையில் மட்டும் முரண்டு பிடித்தது. ஒரு கார்த்திகையில் இரண்டு நாள் பெருவெள்ளம் என்றது மாடல். நீர்மட்டப் பதிவேட்டிலிருந்து நானே தட்டச்சு செய்த அட்டவணையில் அந்த இரண்டு நாளும் பூஜ்யம். நான் மாடலைத்தான் சந்தேகப்பட்டேன். காய்ந்த மண் மழையைக் குடித்திருக்கும் என்று நினைத்து, மண் கூடுதலாக உறிஞ்சும்படி மாற்றினேன். மாடலின் வரைபடம் அட்டவணையோடு அழகாகப் பொருந்தியது. நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

அந்தக் கணக்கை நம்பித்தான் ரிப்போர்ட் எழுதி அனுப்பினேன்; "இனி ஓடையில் வெள்ளம் பெரிதாக அதிகரிக்காது" என்று விவசாயிகள் கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டிச் சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் வந்தார். என் வயதுதான் இருக்கும். அந்த ஓடையில் தினமும் நீர்மட்டம் பார்த்து எழுதுகிறவர்.

"அண்ணாச்சி, அந்த ரெண்டு நாளுக்கும் படத்துல சைபர் போட்டிருக்கியளே?"

"பதிவேட்டுல அப்படித்தானம்மா இருந்துச்சு."

"நான் சைபர் எழுதல. கோடு போட்டேன். அளவுகோலே தண்ணியில முங்கிட்டு. பெறகு எதைப் பார்த்து எழுத?"

கோடு என்றால் தண்ணீர் இல்லை என்று நானாக முடிவு செய்து, பூஜ்யம் அடித்திருக்கிறேன். வெள்ளத்தை வறட்சியாக்கியது மாடல் இல்லை, நான்.

மறுநாள் காலையில் ஓடைக்குப் போனேன். அந்தப் பெண் பம்புசெட் அறையின் படிகளைக் காட்டினார். "மூணாவது படி வரைக்கும் நனைஞ்சுது. நான் மேல நின்னுதான் பார்த்தேன்." மட்டக்கருவி வைத்து அந்தப் படியின் உயரத்தை அளந்தோம். பிறகு பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டினேன். வேறு வருடங்களிலும் கோடுகள் இருந்தன. எல்லாவற்றையும் அவரிடம் கேட்டுத் திருத்தி, மண் உறிஞ்சும் அளவையும் பழையபடி மாற்றி மாடலை மறுபடி ஓட்டினேன். வருங்கால மழையைக் கொடுத்தபோது கோடையில் ஓடை மெலிந்தது. மழைக்காலத்தில் சில நாள் வெள்ளம் முன்னைவிட உயர்ந்தது.

மேலதிகாரியிடம் சொன்னேன். "ரிப்போர்ட் போயாச்சே" என்றார். பிறகு, "சரி, திரும்ப வாங்கிடுவோம். கூட்டத்துல நீங்களே சொல்லுங்க" என்றார்.

அடுத்த கூட்டத்தில் ஒரு வாழை விவசாயி எழுந்தார். "போன தடவை இப்படிச் சொல்லலியே ஸார்?"

"போன தடவை நான் தப்பாச் சொல்லிட்டேன் அண்ணாச்சி."

"இது சரின்னு எப்படி நம்ப?"

"முழுசா நம்பாண்டாம். மழை எப்படி மாறும்னு எனக்கும் உறுதியாத் தெரியாது. ஆனா ஓடைக் கரையை இப்படியே விடுறது ஆபத்து. அது மட்டும் தெரியுது."

கரையை உயர்த்தச் சொல்லி விவசாயிகள் அன்றே அரசுக்கு ஒரு மனு எழுதினார்கள். திருத்திய படங்களை அதோடு இணைத்துக் கொடுத்தேன். கரை இதுவரை பாதி தூரம் உயர்ந்திருக்கிறது.