அவன் எழுதிக்கொண்ட சம்பளம்

எங்கள் மாவு மில்லின் இரண்டு கிலோ எடைக்கல்லை என் கணவன் என்மேல் எறிந்தபோது வலது கையைக் குறுக்கே நீட்டினேன். மணிக்கட்டு நொறுங்கியது. மிளகாய் அரைக்க வந்த பெண்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மாவுக்கட்டோடு போய் விவாகரத்துக்கு மனுக் கொடுத்தேன்.

உசிலம்பட்டியிலிருந்து அண்ணன் அரிவாளோடு வந்து நின்றார்.

"அவன் கைய எடுத்துட்டுத்தான் ஊருக்குப் போவேன்."

"ஜெயிலுக்கும் வக்கீலுக்கும் அழப்போற காச எனக்குத் தாண்ணே. நேரம் வரும்போது கேக்குறேன்" என்றேன்.

அவனைக் கொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அதைவிட எனக்கு மில் வேண்டும்.

திருநகரில் இருந்த அந்த மில் எங்கள் இருவர் பெயரிலும் பாதிப் பாதி. பெண் பெயர் இருந்தால் பேங்கில் லோன் சுலபம் என்று அவனே சேர்த்தது. பதினாறு வருஷம் மூட்டை தூக்கியது, மெஷின் ஓட்டியது, மிளகாய் நெடியில் இருமியது எல்லாம் நான். கல்லாவில் உட்கார்ந்தது அவன். "சொந்தக் கடையில எவனாச்சும் சம்பளம் எழுதுவானா?" என்பான். வேண்டியபோது கல்லாவிலிருந்து அள்ளிக்கொள்வான். எனக்கு அதுவும் கிடையாது.

கோர்ட்டு சமரசத்தில் ஒன்று முடிவானது. ஆடிட்டர் மில்லுக்கு விலை போடுவார். அதில் பாதியை யார் முதலில் கட்டுகிறாரோ மில் அவருக்கு. பணம் அவனிடம்தான் இருந்தது. அவன் நிம்மதியாக மீசையைத் தடவிக்கொண்டான்.

ஆடிட்டர் ஆபீசில்தான் தெரிந்தது, வழக்குப் போட்ட மாதத்திலிருந்து தனக்கு மாதம் நாற்பதாயிரம் சம்பளம் எழுதியிருக்கிறான்.

"ஏம்மா, லாபத்த வச்சுத்தான் விலை" என்றார் ஆடிட்டர். "இவரு சம்பளம் ஏறுனா லாபம் குறையும், ஒங்க பாதியும் குறையும். கல்லாவுக்கு வேற ஆள் போட்டா பன்னெண்டாயிரம் ஆகுமா? மிச்சத்த லாபத்துல சேக்கச் சொல்லி நீங்க மறுக்கலாம்."

"மறுக்கட்டும் சார். இன்னும் பத்து வருசம் கோர்ட்டுக்கு அலையட்டும்" என்று அவன் சிரித்தான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மேஜைமேல் கிடந்த பேப்பர் வெயிட்டை எடுத்து அவன் பல்லை உடைக்கக் கை போனது. கட்டுப் பிரித்தும் விரல்கள் மடங்கவில்லை.

"மறுக்கல சார். இந்த விலைக்கே எழுதுங்க" என்றேன்.

அவன் அவசரமாகக் கையெழுத்துப் போட்டான். நான் இடது கையால் கிறுக்கினேன். பிறகு வாசலில் நின்ற அண்ணனைக் கூப்பிட்டேன். நான் முன்பே கேட்டிருந்தபடி மாடுகளையும் புஞ்சையில் ஒரு துண்டையும் விற்று எடுத்த டிராஃப்டை அவர் மேஜையில் வைத்தார். சரியான விலையில் பாதிக்கு அது பத்தாது; அவன் குறைத்த விலையில் பாதிக்குத் தாராளமாகப் போதும்.

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் என் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்காமல் ரசீதைக் கேட்டு வாங்கினேன்.

கல்லாவுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு பெண்ணைப் போட்டேன். மாதம் முடிந்ததும் சம்பள நோட்டில் என் பெயரையும் எழுதினேன். நாற்பத்தொரு வயதில் என் முதல் சம்பளம். மடங்காத விரல்களில் ரூபாய் நிற்காமல் தரையில் சிதறியது. மாவுத் தரையில் உட்கார்ந்து பொறுக்கினேன், அழுதுகொண்டே.