அஞ்சலை அக்கா தூக்கிய கை

அஞ்சலை அக்கா போயிட்டாங்க.

நேற்று காலை பால் வண்டியை அனுப்பிவிட்டு கேன் கழுவிக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சுவலி. ஆட்டோவில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயசு...

என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் யாருக்கும் அவரைத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு பால் கம்பெனியில் ட்ரெய்னர். கள்ளக்குறிச்சி ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, சங்கராபுரம், ரிஷிவந்தியம் பக்கமெல்லாம் ஊர் ஊராகப் பால் வாங்கும் சென்டர்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுப்பேன். சாம்பிள் எப்படி எடுப்பது, மெஷினை எப்படிக் கழுவுவது, அதெல்லாம். கடைசியில் ஒரு டெஸ்ட். மூன்று தடவை ஃபெயிலானால் சென்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அக்கா கச்சிராயபாளையம் தாண்டி ஒரு ஊரில் சென்டர் பார்த்தார். அதற்கு முன்னால் கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஏற்கெனவே ரெண்டு தடவை ஃபெயில். எனக்கு அப்போது அவர் எக்செல் ஷீட்டில் சிவப்பாக ஒரு வரி, அவ்வளவுதான்.

நான் வேறு அப்போது பெரிய மேதாவி. ஏதோ வெபினார் பார்த்துவிட்டு பேர்களைச் சுற்றவிட்டு பதில் சொல்ல ஆளைப் பிடிக்கும் ஸ்பின் வீல், மியூசிக்கோடு க்விஸ், கேள்விக்கு இருபது செகண்ட், பேட்ஜ் என்று எல்லாவற்றையும் இறக்கியிருந்தேன். சத்தம் வரக்கூடாது என்று எல்லாரையும் மியூட்டில் போட்டுவிடுவேன். அவர்களாகத் திறக்கவும் முடியாது.

வீலில் பேர் சுற்ற ஆரம்பித்ததும் பாதிப்பேர் மீட்டிங்கிலிருந்து காணாமல் போவார்கள். கேட்டால் நெட்வொர்க் இல்லையாம்!

ஒருநாள் "டவுட் இருக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு ஸ்லைடுக்குப் போய்விட்டேன். நான் சொன்னது ஸ்கிரீனில் இருக்கும் கை பட்டனை.

அக்கா நிஜமாகவே கையைத் தூக்கிவிட்டார்.

ஸ்லைடு ஓடும்போது எனக்கு யார் முகமும் தெரியாது. அரை மணி நேரம் பேசித் தள்ளினேன். அப்புறம்தான் சாட்டில் ஒருத்தர் போட்டார்... "மேடம், அஞ்சலை அக்கா ரொம்ப நேரமா கைய தூக்கிகினே இருக்காங்க."

ஸ்லைடை மூடிவிட்டு அவர் வீடியோவைப் பார்த்தேன். ஃபோனைக் கேன் மூடியில் சாய்த்து வைத்திருப்பார், அதனால் எப்போதும் நெற்றிப் பொட்டும் டியூப் லைட்டும் மட்டும்தான் தெரியும். அன்றைக்கு டியூப் லைட்டை மறைத்துக்கொண்டு ஒரு கை. முழங்கையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

அன்மியூட் பண்ணினேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நான் எழுத்து கூட்டிதான் படிப்பேன். கேள்விய படிச்சி முடிக்கறதுக்குள்ள டைம் ஆயிடுச்சின்னு மூடிக்குது. பதிலு எனக்கு தெரியுது மேடம்... நீங்க வாயால கேட்டீங்கன்னா சொல்லிடுவேன்."

நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

பிறகு சாட்டில் ஒவ்வொன்றாக வந்தது. "எனக்கும் மேடம்." "எனக்கும்தான்." ஒருத்தர் வெறும் கட்டைவிரல் போட்டார்.

அடுத்த டெஸ்ட்டில் கேள்விகளை நானே பேசி வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். பதிலும் வாய்ஸில்தான், நேரக் கணக்கு கிடையாது. அக்கா பாஸ். சென்டர் அவரிடமே இருந்தது.

அதற்கப்புறம் புதுப் பாடம் எதுவானாலும் முதலில் அவருக்குத்தான் அனுப்புவேன். நன்றாகத் திட்டு வாங்குவேன்.

"மாதிரி சேகரிக்கும் முறையா? இன்னா மேடம் இது, யாருக்கு புரியும்? சாம்பிள் எடுக்கறதுன்னு சொல்லுங்க. பேச்ச கம்மி பண்ணிட்டு மெஷின கிட்டக்க காட்டுங்க. அந்த ரங்கராட்டினத்த மொதல்ல நிறுத்துங்க... எம்பேர்ல வந்து நின்னுடப் போவுதுன்னு பயந்துகினே ஒரு பாடமும் காதுல ஏறல."

நிறுத்தினேன். மியூட்டையும் எடுத்தேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்லைடை மூடிவிட்டு, எல்லா முகத்தையும் பார்த்து "கை ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பது பழக்கமானது.

பட்டனையும் சொல்லிக்கொடுத்தேன். ஆனாலும் அக்கா கையைத்தான் தூக்குவார். "பட்டன அமுக்கினா நீங்க பாத்தீங்களா இல்லியான்னு எனக்கு இன்னா தெரியும்?"

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்.

வாய்ஸ் டெஸ்ட்டுக்கு ஹெட் ஆபீஸில் நல்ல பேர். யார் ஐடியா என்று கேட்டார்கள். "ட்ரெய்னிங் டீம்" என்றேன். ட்ரெய்னிங் டீம் என்றால் நான் ஒருத்திதான்.

மனசு கேட்காமல் ஒருநாள் சென்டருக்கே போய் அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். சுவரில் மாட்டியிருந்த லேமினேட் பண்ணின சர்ட்டிபிகேட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். "அட வுடுங்க மேடம்... வூட்ல காச்சின பாலு இருக்குது, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

நல்ல டீ. குடித்துவிட்டு வந்துவிட்டேன். அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். அது அஞ்சலை அக்கா ஐடியா. காலையில் ஹெட் ஆபீஸுக்கு மெயிலும் போட்டுவிட்டேன். முன்னாடியே போட்டிருக்கலாம்...

இன்றைக்கும் பதினோரு மணிக்கு வகுப்பு இருந்தது. எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எனக்குப் பாடமே வரவில்லை. ஸ்லைடை மூடிவிட்டு, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது... "கை ஏதாச்சும் இருக்கா?"

எப்போதும் கேமரா ஆன் பண்ணாதவர்கள்கூட ஒவ்வொருத்தராக ஆன் பண்ணினார்கள். ஒருத்தர் கையைத் தூக்கினார். அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் ஸ்கிரீன் முழுக்கக் கை.

யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

மத்தியானம் எடுக்கிறார்கள். கச்சிராயபாளையம் பஸ்ஸுக்காக நிற்கிறேன்.

பார்த்துட்டேன் அக்கா... கையை இறக்கிக்குங்க.