மாமா பார்க்காத கொள்ளைக்காரர் படம்

என்னுடைய முதல் நன்மைக் கொண்டாட்டத்துக்கு அப்பா எடுத்து வந்தது இங்கிலீசுப் படம். எங்கள் சொந்தக்காரர் இன்றைக்கும் ஒரு கலியாண வீட்டில் கூடினால் அந்தக் கதையை எடுக்காமல் எழும்ப மாட்டார்கள். பிள்ளை முதல் முதலாக நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை வாங்கி, வெள்ளைச் சட்டையும் பூமுடியுமாகக் கோவிலால் வீட்டுக்கு வந்தால், வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, நல்ல தமிழ்ப் படமாக இரண்டு போட்டுக் காட்டுவது அந்தக் காலத்துத் தலைமன்னார் வழக்கம். அப்பாவோ மன்னார் ரவுண் கடைவீதிக்குப் போய், தனக்கு ஒரு சொல்லும் விளங்காத படத்தோடு வந்து நின்றார். வங்கியைக் கொள்ளையடித்த மூன்று பேர் நகரத்தை விட்டு வெளியேற முடியாமல் படுகிற பாடுதான் படம்.

"நன்மை வாங்கின பிள்ளைக்குக் கள்ளர் படமோ?" என்று அப்பாவின் அக்காவான மாமி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது.

அப்பா படத்தை மாறி எடுக்கவில்லை. அன்று பின்னேரம் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, கடலால் இந்தியாவுக்குத் தப்பிப் போக இருந்தார். அதற்கென்றே தேடி எடுத்த படம் அது. வீட்டில் அம்மா, அப்பா, பெரியப்பா மூவருக்கும்தான் சங்கதி தெரியும். மாமா மேல் உயிரையே வைத்திருந்த எனக்குத் தெரியாது.

முந்திய கிழமை மாமாவின் கூட்டாளி ஒருவரை யாரோ வீட்டில் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அடுத்தது மாமாதான் என்று ஊரில் கதை அடிபட்டது. பெரியப்பாவின் வள்ளத்தில் ஏறி அக்கரைப் பக்கத்து மணல் திட்டில் இறங்கிவிட்டால் ஆள் தப்பும். இருட்டினால் கடலில் இறங்க விடமாட்டார்கள், பகலில்தான் போகவேண்டும். பகலிலோ, கடற்கரைக் காவலரணில் நிற்கும் ஆமிக்காரர் இருவரும் வள்ளத்தில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் அனுமதிப் பாஸ் கேட்பார்கள். மாமாவிடம் பாஸ் இல்லை. கேட்டாலே பெயர் வெளியே வந்துவிடும்.

கொண்டாட்ட வீடுகளுக்கு அந்த இருவரையும் கூப்பிடுவது ஊரில் பழகிப்போயிருந்தது. ஆனால் எப்போதும் ஒருவர்தான் வருவார். கேக்கும் ரோல்ஸும் சாப்பிட்டு, மற்றவருக்கும் ஒரு பார்சல் வாங்கிக்கொண்டு எழும்பிவிடுவார். சிங்களவர் தமிழ் வசனம் விளங்காமல் எவ்வளவு நேரம்தான் குந்தியிருப்பது? விழுந்தெழும்பிச் சிரிக்கிற படமென்றால் மொழி தேவையில்லை, சிரிப்புச் சத்தம் கேட்டால் மற்றவரும் காவலரணை விட்டு வருவார் என்று யோசித்தது என் அம்மா. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்த அம்மா.

யன்னல்களில் உடுக்கிற சாரங்களைக் கட்டி அறையை இருட்டாக்கிப் படத்தைத் தொடங்கினார்கள். ஒரு நெட்டையன், ஒரு தடியன், ஒரு பெண். நாங்கள் சோடாப் போத்தல்களை உடைத்து முடிப்பதற்குள் அவர்கள் வங்கியை உடைத்து முடித்துவிட்டார்கள். பிறகுதான் தொல்லை. புதிதாகப் போட்ட தெருவின் ஈரச் சீமெந்துக்குள் கார் புதைந்தது. வழி கேட்டவர்களெல்லாம் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். எங்கள் சனமோ ஒரு சிரிப்பும் இல்லாமல் இருந்தது. பேச்சு விளங்காத படத்தில் எந்த இடத்தில் சிரிப்பது என்று ஆளை ஆள் பார்த்தார்கள். வந்திருந்த ஆமிக்காரர் கேக்கை முடித்துவிட்டுப் பார்சலை எதிர்பார்த்தார். மாமி பாயை விட்டு எழும்பினார்.

அப்போது அம்மா போய்த் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்றார்.

"இருங்கோ மச்சாள். நெட்டையன் என்ன சொல்லுறான் தெரியுமோ? 'காரை ஆரடா இஞ்ச விடச் சொன்னது, இது உன்ர கொப்பன்ர வளவோ?' எண்டுறான். அதுக்குத் தடியன், 'நான் மாட்டு வண்டில்ல போவம் எண்டு அப்பவே சொன்னனான்' எண்டுறான்."

அம்மாவுக்கு என்னளவு இங்கிலீசுகூடத் தெரியாது. சனம் முதலில் அம்மாவை வாய்பிளந்து பார்த்தது, பிறகு சிரித்தது. அம்மா விடவில்லை. கொள்ளைக்காரி வாயைத் திறந்தால் மீன் சந்தையில் விலை பேசுகிற பெண்ணின் குரலில் பேசினார். பொலிஸ்காரனுக்குக் கோவில் மூப்பரின் குரலைக் கொடுத்தார், மூப்பரும் அங்கே இருந்தார். கடைசியில் கொள்ளைக்காரர் ஒரு பாலத்தடிக்கு ஓடி வர, பாலம் நடுவால் பிளந்து மேலே எழும்பியது.

"பாலத்தைத் தூக்கிப்போட்டாங்கள்! பாஸ் எடுத்துக்கொண்டு நாளைக்கு வரட்டாம்!"

பாஸ் இல்லாமல் மன்னார்ப் பாலத்தைத் தாண்ட முடியாத சனம் பாயில் உருண்டு சிரித்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் இரண்டாவது ஆமிக்காரர் வாசலில் வந்து நின்றார். மீசை சரியாக முளைக்காத பெடியன். அம்மா தானே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கையில் பற்றிஸ் தட்டைக் கொடுத்தார். அப்பா ஜெனரேற்றருக்கு எண்ணெய் விடுவதாகச் சொல்லி வெளியே போனார்.

தம்பி வள்ளம் ஏறுவானோ பிடிபடுவானோ என்று தெரியாமல் நின்ற அம்மாவின் குரல் ஓரிடத்திலும் நடுங்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அது பெரிய வியப்பு. நானாக இருந்தால் முதல் வசனத்திலேயே உளறியிருப்பேன்.

உண்மையில் அன்றும் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தது நான்தான். இப்படியொரு படத்தை மாமா பார்க்காமல் இருக்கிறாரே என்ற கவலை தாங்காமல் எழும்பி நின்று, "மாமாவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றேன்.

பெடியன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "மாமா எங்க?" என்று கேட்டான்.

"அவனைக் கேக்காதேங்கோ தம்பி" என்றார் அம்மா. "காலமையில இருந்து வயித்தாலை போகுது. கக்கூசுக்குள்ள போனவன், இன்னும் வெளிய வரேல்லை!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தும் காட்டினார். இரண்டு ஆமிக்காரருக்கும் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. ஊருக்கு முன்னால் மாமாவின் மானம் போனதென்று எனக்குக் கோபம். அம்மா என்னை இழுத்துத் தன்னோடு அணைத்து வைத்துக்கொண்டார். தோளில் அவருடைய விரல்கள் பதிந்த இடம் அடுத்த நாளும் நொந்தது.

படத்தின் முடிவில் மூவரும் ஒரு கப்பலில் ஏறிவிடுகிறார்கள். நகரம் தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போகிறது. அந்த இடத்தில் மட்டும் அம்மா வசனத்தை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்தார். அதற்குள் அப்பா கதவடியில் வந்து நின்று இல்லையென்று தலையாட்டினார். வள்ளத்தின் இயந்திரம் ஸ்டாட் வராமல் பெரியப்பா கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாராம், இது பின்னாளில் கேட்டது. ஆமிக்காரர் தொப்பியை எடுத்தார்கள்.

"பாலம் தூக்கிற இடத்தை இன்னொருக்காப் போடுங்கோ" என்றார் அம்மா. பெடியன் கைதட்டிக்கொண்டு திரும்பவும் கதிரையில் இருந்தான். இரண்டாம் தரம் அம்மா வேறு வசனம் சொன்னார், அது முதலாவதை விடத் திறம்.

பொழுது படுவதற்கு முன் பெரியப்பா நனைந்த சாரத்தோடு வந்து, "கேக் மிச்சம் கிடக்கோ?" என்று கேட்டார். அம்மா குசினிக்குள் போய் நிலத்தில் இருந்துவிட்டார். ஆடிக் களைத்துப்போனார் என்று மாமி கேலி பண்ணினார். மாமா இந்தியாவுக்குப் படிக்கப் போய்விட்டார், வெளியே சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது. படத்தையும் பார்க்காமல், என்னிடம் சொல்லாமலும் போனவரோடு இனிக் கதைப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

மாதங்கள் கழித்து மாமா அகதி முகாமில் இருந்து ஆள்மூலம் சொல்லியனுப்பினார். ரவுணிலுள்ள தொலைபேசிக் கடைக்கு அம்மாவும் நானும் போய்க் காத்திருந்தோம். மணி அடித்ததும் நான் பாய்ந்து எடுத்தேன். கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. மாமாவுக்குப் படம் முழுவதையும் சொன்னேன், சீமெந்தில் இருந்து பாலம் வரைக்கும், அம்மாவின் வசனங்களோடு. "பிறகு? பிறகு?" என்று மாமா கேட்டார். அவர் சிரித்த சிரிப்பில் காது அடைத்தது. கப்பல் வருகிற இடத்தில் லைன் அறுந்துவிட்டது. எவ்வளவு முயன்றும் திரும்பக் கிடைக்கவில்லை.

அம்மா அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே கையை நீட்டியபடி நின்றிருந்தார். என்னிடமிருந்து றிசீவரைப் பறிக்கவில்லை.

"சிரிச்சவனோ?" என்று கேட்டார்.

"ஓம், நல்லாச் சிரிச்சவர்."

"எனக்கு அது காணும், பிள்ளை."

கடை வாசல்படியில் குந்தியிருந்து சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பாலம் தூக்கிய இடம் ஞாபகம் வந்து அம்மாவும் சிரிக்கிறார் என்று நினைத்து, பக்கத்தில் இருந்து நானும் சேர்ந்து சிரித்தேன்.