இந்தக் குரலை எடுத்துவிடுங்கள் என்று செபித்தேன்

அன்பான சகோதர சகோதரிகளே, ஒரு சாட்சி சொல்லம்மா என்று பங்குத்தந்தை என்னிடம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் சாக்குச் சொல்லி நழுவிக்கொண்டே இருந்தேன். நன்மை நடந்ததைச் சொல்ல ஆசைதான். ஆனால் அதைச் சொல்வதென்றால் என் மானம் போன கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் காதெல்லாம் சூடாகிறது. மைக்கைப் பிடித்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். காரணம் படித்தால் உங்களுக்கே தெரியும்.

என் பெயர் அமலா. ஊர் குமாரபாளையம். எங்கள் வீட்டில் முன்பாதியில் விசைத்தறி ஓடும், பின்பாதியில் நாங்கள் இருப்போம். அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றித் தறி ஓட்டினார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன், அதில்தான் படித்தேன். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் எங்களுக்குத் தூக்கம் கலையும். எங்கள் தெருவில் யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள். பேசினால் யாருக்குக் கேட்கும்? பி.எட். படிக்கும்போது பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒரே ஹாலில் இரண்டு வகுப்பு நடந்தது. அங்கே என் குரல் நன்றாகவே எடுபட்டது. அதனால் என்னிடம் ஒரு குறை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்து எல்லாம் சரியாகிக்கொண்டிருந்த சமயம். நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டெமோ வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். மூன்றாம் வகுப்பு. கதவை மூடி ஏ.சி. போட்ட அறை. நான் வாயைத் திறந்து வணக்கம் சொன்னதுமே முன்வரிசையில் ஒரு குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயந்தால் என் குரல் இன்னும் ஏறும். மழை எப்படிப் பெய்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. யாரோ பிள்ளையை அடிக்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, பாடம் நடத்த வந்தீங்களா, சந்தையில வெங்காயம் விக்க வந்தீங்களா?" என்றார் தலைமை ஆசிரியை. "கொழந்தைங்க பயந்து போச்சுங்க. போயிட்டு வாங்க, நாங்க கூப்புடறோம்."

அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தது வெளிவாசல் வரைக்கும் எனக்குக் கேட்டது. அவர்கள் கூப்பிடவே இல்லை.

அடுத்துத் திருச்செங்கோட்டில் ஒரு பள்ளி. மெதுவாகப் பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனேன். குரலைத் தாழ்த்தினால் அது நடுங்கியது, பாதியில் உடைந்தது. கடைசி பெஞ்சுப் பையன்கள் "மிஸ், சவுண்டு வைங்க" என்று சொல்லிச் சிரித்தார்கள். மூன்றாவதாக ஒரு பள்ளியில் வேலையே கொடுத்தார்கள். சந்தோஷத்தில் அப்பா நூல் கொண்டுவருகிறவரிடமெல்லாம் "எங்க டீச்சரம்மா, எங்க டீச்சரம்மா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க பாடம் மூணு வகுப்புக்குச் சேர்ந்து கேக்குதுங்க. மத்த டீச்சர்ஸ் எப்படி நடத்தறது சொல்லுங்க?" என்றார். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதுதான் அர்த்தம்.

மத்தியானமே வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்து அப்பா தறிக்குப் பின்னாலிருந்து, "என்ன சாமி, இன்னைக்கு அரை நாளா?" என்றார். தலையாட்டினேன். சமையலறையில் அம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "நான் யாருகிட்டச் சொல்லப் போறேன் அம்மிணி" என்றார் அம்மா. அப்பாவிடம், நானாகவே வேலையை விட்டுவிட்டேன், வேறு பள்ளி பார்க்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. பாடற்குழுவுக்குப் போவதை நிறுத்தினேன். திருப்பலியில் எல்லோரும் பதில் சொல்லும்போது உதட்டைக்கூட அசைக்க மாட்டேன். கடையில் சாமான் கேட்பதற்குக்கூட விரலை நீட்டிக் காட்டுவேன். எங்கள் வீட்டைப் பார்த்தே வெட்கமாக இருந்தது. இந்தத் தறிதானே என்னை இப்படி ஆக்கியது என்று, எனக்குச் சோறு போட்ட தறி மேலேயே ஆத்திரம் வந்தது. தினமும் காலைத் திருப்பலி முடிந்து மாதா சொரூபம் இருக்கும் கெபிக்கு முன்னால் மண்டியிட்டு நான் கேட்டது இது ஒன்றுதான். "அம்மா, இந்தக் குரலை எடுத்துவிடுங்கள். நான் டீச்சராக வேண்டும். எனக்கு வேறு தொண்டை கொடுங்கள்."

தவக்காலம் வந்தது. எங்கள் தெருக் குடும்பங்களெல்லாம் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டம், பக்கத்து வீட்டில் நடந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். சேலத்திலிருந்து ரெஜினா என்று ஒரு சிஸ்டர் தியானம் சொல்ல வந்திருந்தார். தியானம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தை வாய்விட்டுச் சொல்வது வழக்கம். விருப்பமில்லாதவர்கள் மனதுக்குள்ளேயே வேண்டிக்கொள்ளலாம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் வேண்டினார். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டார். தறி ஓட்டி ஓட்டி அம்மாவுக்குப் பாதிக் காது போய்விட்டது. தான் முணுமுணுப்பதாக அவர் நினைக்கிற அளவு, மற்றவர்களுக்கு நல்ல சத்தம்.

"ஏசப்பா, என்ற புள்ளயப் பள்ளிக்கூடத்துல வேண்டாம்னு அனுப்பிப் போட்டாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கறா, அதனால உங்கிட்ட மட்டும் சொல்றேன். கத்திக் கத்திப் பேசறாளாமா. அவங்க அப்பனுக்குக்கூடத் தெரியாது சாமி. நீதான் அந்தப் புள்ளைக்கு ஒரு வழியக் காட்டோணும்."

ஐயோ, அந்த நிமிஷத்தில் எனக்கு உயிரே இல்லை. யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். வழக்கத்தை விட முடியாமல் எல்லோருமாக "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொன்னார்கள். எதிரே அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அம்மா அதோடு நிறுத்துகிற மாதிரித் தெரியவில்லை. பெண்கள் வரிசையில் நான் இந்தக் கோடிச் சுவரோரம், அவர் அந்தக் கோடி. எட்டித் தொடையில் தட்டவும் முடியாது. அதனால் அவர் கண்ணைத் திறந்ததும் கையை ஆட்டிக் கூப்பிட்டு, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துச் சொன்னேன். தறிக்கூடத்தில் நாங்கள் அப்படித்தான் பேசுவோம். தறி ஓடும்போது எவ்வளவு கத்தினாலும் எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் நன்றாகக் காட்டினால் போதும், அந்தக் கோடியில் இருப்பவரும் பார்த்துப் புரிந்துகொள்வார். எங்களுக்கு அது பழக்கம், யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"போதும்மா, என் மானம் போகுது" என்று வாயசைத்தேன்.

"மெதுவாத்தானே சொன்னேன்?" என்று அம்மாவும் வாயசைத்தார்.

"தெருவுக்கே கேட்டுச்சு. அந்தச் சிஸ்டர் வேற முறைச்சுப் பாக்கறாங்க."

கூட்டம் முடிந்து நான் முதல் ஆளாக வெளியே ஓடப் பார்த்தேன். வாசலில் சிஸ்டர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"நான் முறைக்கலம்மா. நீங்க ரெண்டு பேரும் பேசினதப் படிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அவர் சேலத்தில், மலைப்பாதை ஆரம்பிக்கிற பக்கத்தில், காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியில் டீச்சர். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள அந்தக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அவர் வேலை. "புதுசா வர்ற டீச்சர்ஸுக்கு இந்த வாயசைவு வரவே மாசக்கணக்காகும். உனக்குத் தன்னால வருது. ஒரு நாள் வந்து பாக்கறியா?" என்றார்.

போனேன். போனது நம்பிக்கையால் அல்ல, தெருவில் முகம் காட்ட முடியாததால்தான். முதலில் உதவியாளர் வேலைதான் கொடுத்தார்கள். பழக்கதோஷத்தில் அங்கேயும் கத்தினேன். "கத்தினா வாய் கோணிக்கும், புள்ளைங்களுக்குப் புரியாது. தறிக்கு முன்னால நிக்கறதா நெனச்சுக்கோ" என்றார் சிஸ்டர். சத்தத்தை விட்டுவிட்டு உதட்டால் பேசினேன். குழந்தைகளின் கண்கள் என் வாயிலேயே இருந்தன. அவர்களில் ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

வெட்கம் அப்போதும் என்னை விடவில்லை. "பி.எட். படிச்சுப்போட்டு அங்க போயி ஆயா வேலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பஸ்ஸில் யாராவது விசாரித்தால் சேலத்தில் ஒரு ஸ்கூல் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அப்பாதான் ஒருநாள் பஸ் ஏற்றிவிட வந்தபோது, "எந்தப் பள்ளிக்கூடமா இருந்தா என்ன சாமி, புள்ளைங்க படிக்குதில்ல?" என்றார். அன்பியத்தில் தலைகுனிந்த பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்தது அந்த ஒரு தடவைதான். சிஸ்டர் சொன்னபடி சிறப்புக் கல்வி பி.எட். சேர்ந்து படித்து முடித்தேன். போன ஜூனிலிருந்து அதே பள்ளியில் நான் வகுப்பு டீச்சர்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். என் வகுப்பில் தர்ஷினி என்று ஒரு குழந்தை. அவள் அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறார். அவள் பிறந்ததிலிருந்து ஒரு சொல்கூடப் பேசியதில்லை. பேச்சுப் பயிற்சியில் டீச்சர் தொண்டையில் குழந்தையின் கையை வைத்துச் சொல்லிக் காட்டுவோம். குரல் எழும்போது வரும் அதிர்வைக் குழந்தை கையால் உணர்ந்துகொண்டு, தன் தொண்டையிலும் அதைக் கொண்டுவரப் பார்க்கும். நான் மெதுவாக "அம்மா" என்றேன். மெதுவாகப் பேசித்தான் பழகியிருந்தேனே. தர்ஷினி ஒன்றும் இல்லை என்று தலையசைத்தாள். மறுபடி சொன்னேன். மறுபடியும் தலையசைத்தாள்.

பின்னால் நின்ற ரெஜினா சிஸ்டர், "கண்ணால பாக்கறப்பதான் கத்தக் கூடாதுன்னேன். இப்ப கையால கேக்கறா. உன் சொந்தக் குரல்ல சொல்லும்மா" என்றார்.

எவ்வளவோ நாளாக அடக்கி வைத்திருந்த குரலில், எங்கள் வீட்டுக் குரலில், "அம்மா!" என்றேன். தர்ஷினி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவளும் அழப்போகிறாள் என்றே நினைத்தேன். அவள் அழவில்லை. இரண்டு கையாலும் என் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை என்று கண்ணால் கேட்டாள். சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள். கரகரவென்று, பாதி மூச்சாக, "ம்மா" என்று அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.

அன்றைக்குப் பள்ளிச் சிற்றாலயத்தில் மாதா முன்னால் என்னால் தலை நிமிர முடியவில்லை. அந்தக் குழந்தை பிடித்துக்கொண்ட தொண்டையைத்தானே எடுத்துவிடச் சொல்லித் தினமும் நச்சரித்தேன்? என்னைச் சோறு போட்டு வளர்த்தவர்களையும் சேர்த்தல்லவா வெறுத்தேன்? வேலை போனதற்கும், தெருவில் தலைகுனிந்ததற்கும்கூட நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. "நான் கேட்டதைத் தராமல் விட்டீர்களே, அதற்கு நன்றி அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்பானவர்களே, தங்களிடம் உள்ள எதையோ பார்த்துக் கூனிக் குறுகி, இதை எடுத்துவிடும் என்று உங்களில் யாராவது அழுதுகொண்டிருக்கலாம். அழுங்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். என்னைவிடத் தப்பாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கே வழி காட்டியவர், உங்களைக் கைவிட்டுவிடுவாரா?