இரண்டரைப் பவுணும் நூற்றிருபத்தைந்தும்

நான் கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போவதைப் பற்றி அம்மா சொந்தக்காரரிடம் "பிள்ளை விளையாட்டுக்குப் போகுது" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார். கேட்பவர்கள் பட்மின்ரன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அம்மா திருத்துவதில்லை. நானும் திருத்துவதில்லை. கைத்துப்பாக்கி விற்பனையை அரசாங்கம் நிறுத்துவதற்கு முன்பே நான் வாங்கிவிட்டேன். உரிமம் இருக்கிறது. துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள், பூட்டிய அலுமாரிக்குள் இருக்கிறது. மல்வேர்னில் எங்கள் வீட்டில் அதைவிடப் பத்திரமாக இருப்பவை அம்மாவின் நகைகள் மட்டும்தான்.

போட்டிக்கான தோட்டாக்களை பேஸ்மென்ற்றில் நானே செய்கிறேன். சுட்ட பித்தளைக் கோதுகளைக் கழுவி, பழைய அளவுக்கு நெருக்கி, புது எரியூட்டி வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தை, அதாவது பறந்துபோகும் ஈயக் குண்டை, அமர்த்த வேண்டும். வேலையிடத்தில் நான் இயந்திர உதிரிகளின் அளவுகளைச் சரிபார்ப்பவள். வீட்டுக்கு வந்தும் அதையே செய்கிறாய் என்று தோழிகள் சிரிப்பார்கள். வீட்டில் செய்தால் வெடிக்கும், அதுதான் வித்தியாசம் என்பேன்.

எங்கள் போட்டியில் ஒரு சட்டம் உண்டு. சன்னத்தின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண் நூற்றிருபத்தைந்துக்குக் குறையக் கூடாது. மருந்தைக் குறைத்தால் துப்பாக்கி கையில் பூப்போல இருக்கும், குறி தவறாது, அது அநியாயம் என்பதற்காக இந்தக் காவல். போட்டியின் நடுவே, எப்போது என்று சொல்லாமல், உங்கள் பையிலிருந்து எட்டுத் தோட்டாக்களை எடுத்துச் சோதிப்பார்கள். தோற்றால் நாள் முழுக்கச் சுட்டுக்கொண்டிருக்கலாம், புள்ளி மட்டும் பூச்சியம். நூற்றிருபத்தைந்தை உரசிக்கொண்டு நிற்பதுதான் பலருக்கு வீரம். நான் நூற்றிருபத்தொன்பதில் நிற்பவள்.

அந்தச் சனிக்கிழமைப் போட்டி தெரிவுக்குரிய கடைசிப் போட்டி. மாகாணப் பெண்கள் அணிக்கு நான்கு பேர். நான்காம் இடத்துக்கு நானும் இன்னும் இருவரும் இழுபட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு அன்று ஒரு சுமாரான புள்ளி போதும். பூச்சியம் என்றால் அணி இல்லை.

அம்மாவை பிறம்ரனில் ஒரு அன்ரி வீட்டில் இறக்கிவிட்டு, அதற்கும் மேற்கே இருக்கும் சுடுதளத்துக்குப் போவதாகத் திட்டம். 401 நெடுஞ்சாலையில் பாதித் தூரம் போன பிறகு அம்மா வாயைத் திறந்தார்.

"உன்ரை தராசு நல்ல தராசு, என்ன?"

"எந்தத் தராசு?"

"கீழ வச்சிருக்கிறியே, அந்த மருந்துத் தராசு."

"அம்மா, அதைத் தொட்டனீங்களோ?"

"தொடேல்லை. சும்மா சங்கிலியை நிறுத்துப் பாத்தனான்."

கழுத்தில் கிடந்த சங்கிலியை இழுத்துக் காட்டினார். அன்ரியும் அவரும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி வாங்கியது.

"எப்ப நிறுத்தனீங்கள்?"

"செவ்வாய்க்கிழமை. முதல்ல ஏதோ மூண்டு இலக்கம் காட்டிச்சுது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஒரு பட்டனை அமத்திப் பிடிச்சன். இருபது எண்டு மின்னிச்சுது. ரெண்டரைப் பவுண் எண்டால் இருபது கிராம்தானே? சங்கிலியை வச்சன். பாஸ் எண்டு வந்திச்சுது!"

தராசே சான்றிதழ் கொடுத்த பெருமை அவருடைய முகத்தில். நான் வாகனத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

நடந்தது இதுதான். என் தராசு கிராமில் அல்ல, மருந்து நிறுக்கும் சின்ன அலகான கிறெயினில் காட்டும், அந்த மூன்று இலக்கம் அதுதான். அம்மா அமத்திப் பிடித்தது தராசைத் திருத்தும் பட்டனை. "இருபது கிராம் நிறைகல்லை என் மேல் வை, அதை இருபது என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று தராசு கேட்டது. அம்மா சங்கிலியை வைத்தார். மலிவான தராசு, மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருபது கிராம் என்றால் அம்மாவின் சங்கிலி. போட்டிக்கான தோட்டாக்கள் முழுவதையும் நான் செய்தது வியாழக்கிழமை.

இங்கே என் பங்கையும் எழுத வேண்டும். பேஸ்மென்ற் சுவரில் பதினொரு இலக்கங்களோடு ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறேன். நான்காவது: நிறைகல் வைத்துத் தராசைச் சரிபார். நிறைகல் பெட்டி மேல்தட்டில் இருந்தது. கதிரை எடுக்கப் பஞ்சியாக இருந்தது. பட்டியலில் சரி மட்டும் போட்டேன்.

ஓட்டிக்கொண்டே மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். சங்கிலி சரியாக இருபது கிராம் என்றால் தோட்டாக்களும் சரி. சங்கிலி கூட என்றால் மருந்தும் கூட, அது ஆபத்து. ஆனால் உலகத்தில் எந்த நகைக்கடைக்காரன் கூடத் தருவான்? அந்த வரியை வெட்டினேன். சங்கிலி குறைவென்றால் மருந்தும் குறைவு. மூன்று சதவீதம் வரைக்கும் தப்பலாம். அதற்கு மேல் போனால் நான் பட்மின்ரன் விளையாடப் போகலாம்.

"அம்மா, அந்தக் கடைக்காரன் நம்பிக்கையான ஆளோ?"

"என்ன கேள்வி? எங்களுக்குக் குடிக்க ரீ தந்தவன். அன்ரிக்கு ரெண்டு தரம்."

"ரீ எத்தினை கிராம் அம்மா?"

"விசர்க் கதை கதையாதை. ரோட்டைப் பார்."

திரும்பிப் போக நேரமில்லை. வேறு தோட்டாக்களும் இல்லை. சங்கிலியில் குறை இருந்தால் இன்றைக்கு நான் பெயில் என்று மட்டும் சொல்லி, அம்மாவை இறக்கிவிட்டுப் போனேன்.

என் குழுவில் இன்னுமொரு தமிழர் இருந்தார், பாரவூர்தி ஓட்டும் ஒரு அண்ணை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன தங்கச்சி, ஆரும் செத்துப் போச்சினமோ?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை அடக்க அவர் தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று தொப்பியை எடுத்தார்.

"எந்தக் கடை?"

சொன்னேன்.

"ஐயோ, என்ரை மனிசியும் அங்கதான் காப்பு வாங்கினவ."

அதற்குப் பிறகு என்னைவிட அவருக்குத்தான் அவசரம். மூன்றாவது சுற்று முடிந்ததும் எங்களைச் சோதனை மேசைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணை எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

மேசையில் இருந்தவர் சிரிக்காத மனிதர். ஒரு தோட்டாவைச் சுத்தியல் மாதிரி ஒரு கருவியில் மாட்டித் தட்டி, சன்னத்தைக் கழற்றி நிறுத்தார். பிறகு வேகம் அளக்கும் கருவிக்கு மேலால் மூன்றைச் சுட்டார். நூற்றிருபத்துநான்கு தசம் நாலு.

"போச்சுது, என்ரை காப்பும் போச்சுது" என்றது பின்னால் ஒரு குரல்.

இன்னும் மூன்று சுட்டார். ஆறில் வேகமான மூன்றை எடுத்தால் நூற்றிருபத்துநான்கு தசம் ஆறு. கடைசித் தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சுடட்டுமா, பிரித்து நிறுக்கட்டுமா என்று நான்தான் தெரிவு செய்ய வேண்டும். சுட்டால் வேகம் கூடலாம். நிறுத்தால், முதல் சன்னத்தைவிட இது பாரமாக இருந்தால், அந்த எடையை வைத்துத் திரும்பக் கணக்குப் பார்ப்பார்கள்.

என் மருந்து எல்லாவற்றிலும் ஒரே மாதிரிக் குறைவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சன்னங்களோ பெட்டியிலிருந்து வருபவை, அவற்றின் எடை கொஞ்சம் முன்பின் இருக்கும். வேகத்தில் நம்பிக்கையில்லை, எடையில் கொஞ்சம் உண்டு. "நிறுங்கள்" என்றேன்.

அவர் தட்டினார். நிறுத்தார். கணிப்பானில் அடித்தார். மறுபடியும் அடித்தார்.

"நூற்றிருபத்தைந்து தசம் இரண்டு. தப்பிவிட்டாய்."

அண்ணை என் முதுகில் ஒரு அடி போட்டார். "தங்கச்சி பாஸ், கடைக்காரன் பெயில்" என்றார். பிறகு மனைவிக்குத் தொலைபேசி எடுக்கத் தூரப் போனார்.

நான்காவதாக வந்தேன், மயிரிழையில். பின்னேரம் அம்மாவை ஏற்றப் போனபோது அவரும் அன்ரியும் வாசலுக்கே வந்து நின்றார்கள். இரண்டு கழுத்திலும் இரண்டு சங்கிலிகள்.

"என்ன, பாசோ?"

"பாஸ் அம்மா. ரீமிலை எடுத்திட்டாங்கள்."

அம்மா அன்ரி பக்கம் திரும்பினார். "நான் சொன்னனான் எல்லோ, அந்தக் கடைக்காரன் பிழையான ஆளில்லை."

வாகனத்தில் ஏறிப் பட்டியைப் போட்டுக்கொண்டபோது மெல்லச் சொன்னேன்: "வீட்டை போனதும் சங்கிலியை ஒருக்கா ஒழுங்கா நிறுத்துப் பாப்பமோ?"

அம்மா சங்கிலியைச் சட்டைக்குள் விட்டார்.

"ஒருக்காப் பாசான சாமானை என்னத்துக்குத் திரும்பச் சோதிக்கிறாய்?"

என் பையில் இன்னும் முப்பது தோட்டாக்கள் மிச்சம் இருந்தன. அவற்றில் மூன்றை எடுத்துத் திரும்பச் சுடட்டுமா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். வண்டியை எடுத்தேன்.