பாகமும் மீட்டரும் ஒண்ணுன்னு சொன்னவரு

எங்க டீம் லீடை நெனச்சா இன்னிக்கும் எனக்குக் கொமட்டுது.

தட்டாஞ்சாவடியில எங்க ஆபீஸ். தேங்காய்த்திட்டு படகுக்காரங்களுக்காக ஒரு ஆப் செஞ்சோம். வலைய எவ்ளோ ஆழத்துக்கு எறக்கப் போறோம்னு அவங்க போடணும். அடியில பாறை எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு படகுல இருக்கற கருவி சொல்லும். வலை பாறைக்கு மேலயே நின்னா பச்சை, இடிக்கும்னா சிவப்பு. அவ்ளோதான்.

கருவி மீட்டர்ல சொல்லும். கடலுக்குப் போறவங்க பாகத்துல சொல்லுவாங்க. ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதனால மீட்டர் ஒரு டைப், பாகம் ஒரு டைப்னு புரோகிராம்ல ரெண்டையும் வேற வேற வகையா எழுதி வெச்சேன். பாகத்த மீட்டரா மாத்தாம ஒப்பிட்டா, எழுதினதச் சரிபாக்கற கம்பைலர் ஒத்துக்காது, ஆப் பில்டே ஆகாது.

டெமோவுக்கு முதல் நாள் பச்சை, சிவப்பு காட்டற ஸ்கிரீன லீட் எழுதினாரு. கம்பைலர் சிவப்புக் கோடா போட்டுச்சு. "எல்லாம் நம்பர்தானேம்மா, எதுக்கு இந்தப் படம் காட்டற வேலை"ன்னு என் டைப் ரெண்டையும் தூக்கிட்டு வெறும் நம்பராக்கிட்டாரு. வேணாம் சார்னேன். என் மொகத்தக்கூடப் பாக்கல. பில்ட் ஆயிடுச்சு, எல்லாரும் கைதட்டினாங்க. தூ.

மீன்பிடி தடைக்காலம் முடிஞ்ச மொத நாளே ஒரு படகுக்காரரு பதினாலுன்னு போட்டாரு. பாகம்தான், வேற எதப் போடுவாரு. அது இருபத்தஞ்சு மீட்டர். பாறை பதினெட்டு மீட்டர்லயே இருந்துது. பதினெட்டவிட பதினாலு கம்மின்னு ஆப் பச்சை காட்டிச்சு. வலை பாறையில மாட்டிக் கிழிஞ்சுபோச்சு.

மிச்சத்த மூட்டையா கட்டிக்கிட்டு ஆபீஸுக்கே வந்துட்டாரு. வேற வலை கெடையாது. மத்த படகெல்லாம் கடல்ல இருக்க, அவருது மட்டும் கட்டிக் கெடந்துது. லீட் கொஞ்சமும் கூசாம, "நீங்க மீட்டர்ல போட்டிருக்கணும்ண்ணே"ன்னாரு. நான் அங்கேயே லேப்டாப்பத் தொறந்தேன்.

என் டைப் ரெண்டையும் திரும்பப் போட்டு பில்ட் கொடுத்தேன். நின்னுடுச்சு. வலையையும் பாறையையும் ஒப்பிடற வரியில, பாகத்த மீட்டரோட ஒப்பிட முடியாதுன்னு சிவப்பா வந்துது. எட்டிப் பாத்த லீட் என்ன கேட்டாரு தெரியுமா? "இத முன்னாடியே சொல்றதுக்கென்னம்மா?"

படகுக்காரரு மூட்டையிலேர்ந்து கைய எடுக்கல. "அப்ப இந்த மிஷினு முன்னாடியே சொல்லிச்சா?"

"சொல்லிச்சுண்ணே."

"அத வாய மூட வெச்சது யாரு?"

நான் லீடைக் கைகாட்டினேன். அவரு குனிஞ்சு போனை நோண்டிக்கிட்டிருந்தாரு.